புதுச்சேரியில் இரண்டு லைட் ஹவுஸ்: எது எரிகிறது, எது நின்றுபோனது, ஏன் இடம் மாறியது

கேள்வி இதுதான். விழுப்புரத்திலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் புதுச்சேரிக்குக் கூட்டிவரப்போகும் ஆசிரியர் ஒருவர், பீச் ரோட்டில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது, தெற்கே வம்பாகீரப்பாளையத்தில் இன்னொன்று உயரமாக நிற்கிறது, இரண்டில் எது வேலை செய்கிறது, ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு, எல்லார் கையிலும் ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். காந்தி சிலைக்குப் பக்கத்தில், பழைய சுங்க அலுவலகத்தை ஒட்டி நிற்பது பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 1836 ஜூலை 1-ஆம் தேதி முதன்முதலாக ஏற்றினார்கள், 1979-ல் அணைத்துவிட்டார்கள். அதே 1979-ல் வேலைக்கு வந்ததுதான் வம்பாகீரப்பாளையத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு நிற்கும் கோபுரம். இன்றைக்கு ராத்திரி கடலில் இருக்கிறவனுக்கு வெளிச்சம் காட்டப்போவது அதுதான். பழையதன் உயரம் சுமார் 27 மீட்டர், புதியது சுமார் 48 மீட்டர். ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுப்பது முதலாவதை. இரண்டாவதன் அடியில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு, உள்ளூர்க்காரர்களிலேயே குறைவு, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏன் இரண்டு என்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி கப்பலால் வளர்ந்த ஊர், ஆனால் அதன் வரலாற்றில் பெரும்பகுதிக்கு அதற்குத் துறைமுகமே கிடையாது. 1674-ல் பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் இங்கே காலூன்றிய காலத்திலிருந்தே நிலைமை இதுதான்: மலையோ வளைகுடாவோ ஒதுங்க இடம் தராத நீளமான மணல் கரை, அதற்கு முன்னால் வரிசையாக உடையும் அலை. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம் ஒன்று உண்டு, அரிக்கமேட்டில் ரோமானியப் பானை ஓடு கிடைத்ததும் அந்த ஆற்றங்கரையில்தான், ஆனால் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டே இருப்பதால் பெரிய கப்பல் உள்ளே நுழைய முடியாது. அதனால் கப்பல் திறந்த கடலிலேயே, கரையிலிருந்து ஒரு மைல் இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் கரைக்கு வரவேண்டும். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்த படகு அது, அலை தூக்கிப்போடும்போது வளைந்துகொடுக்கும், உடையாது. ஐரோப்பியக் கப்பலில் இருந்த படகுகள் இந்த அலையில் நொறுங்கிப்போகும் என்பதால் எப்பேர்ப்பட்ட கவர்னராக இருந்தாலும் நம் மீனவர் துடுப்பை நம்பித்தான் கரை ஏறினார். இதைப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள், பாடப் புத்தகத்தில் போர் இருக்கும், இந்தப் படகோட்டி இருக்கமாட்டார்.

அந்தக் கடல் எவ்வளவு மோசமாக நடந்துகொள்ளும் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 1761 ஜனவரி 1. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, அவர்களுடைய போர்க்கப்பல்கள் ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றன. அன்றைக்கு அடித்த புயலில் சில கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின, இன்னும் மூன்று கப்பல்கள் கரையில் மோதிச் சிதைந்தன, இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். அப்படியும் ஊர் தப்பவில்லை, அதே மாதம் நடுவில் சரணடைந்தது, கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். புயலில் எந்த விளக்கும் கப்பலைக் காப்பாற்றாது, அது சரி. ஆனால் ஒதுங்க இடமே இல்லாத கரை என்றால் என்ன என்பது இதில் புரியும். இங்கே ராத்திரியில் வரும் மாலுமிக்குத் தெரிய வேண்டியது இரண்டு: கரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அந்தக் கரையில் இது எந்த ஊர். பகலிலேயே கடலூரிலிருந்து மரக்காணம் வரைக்கும் கடலிலிருந்து பார்த்தால் மணலும் பனையும் தென்னையுமாக ஒன்றுபோலத்தான் தெரியும், இருட்டில் கேட்கவே வேண்டாம்.

லைட் ஹவுஸ் வருவதற்கு முன்னால் ஊருக்கு மேற்கே இருக்கும் செம்மண் மேட்டில் தீ மூட்டிக் கப்பலுக்கு அடையாளம் காட்டினார்கள் என்று சொல்வார்கள். கோரிமேடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தட்டையான இந்த ஊரில் கொஞ்சம் உயரம் என்று சொல்லத்தக்க இடம் அது ஒன்றுதான். மேட்டில் தீ மூட்டினால் தூரத்திலிருந்து தெரியும், ஆனால் அது கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நிலம் இந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல அது போதும். எந்த இடத்தில் நங்கூரம் போடுவது, சுங்க அலுவலகம் எதற்கு நேரே என்று சொல்லப் போதாது. அதற்கு விளக்கு கரைக்கு இறங்கி வரவேண்டும்.

இறங்கி வந்த காலம் 1836. அதற்கு முன் ஊர் ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறிமாறிப் போய், 1816-ல்தான் கடைசியாகப் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. கோட்டை கட்டக்கூடாது, படை வைக்கக்கூடாது என்று ஆன பிறகு அவர்களுக்கு மிஞ்சியது வியாபாரம். 1820-களின் கடைசியில் நூற்பாலை வந்தது, நீலச்சாயம் தோய்த்த துணி இங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் போனது. சரக்கு பெருகினால் கப்பல் பெருகும், கப்பல் பெருகினால் விளக்கு வேண்டும். கவர்னராக சேன்-சிமோன் இருந்த காலத்தில் பழைய லைட் ஹவுஸ் எழுந்தது. அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்: சுங்க அலுவலகத்துக்குப் பக்கம், ஊருக்கு நேர் முன்னால், கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்ற கடலுக்கு எதிரே. அந்தக் காலத்துத் துறை என்பது அந்த மணல்தான், அதனால்தான் விளக்கும் அங்கே.

மின்சாரத்துக்கு முந்தைய காலத்தில் விளக்கு எரிவது என்றால் எண்ணெய், திரி, பின்னால் பளபளப்பான தகடு, இவ்வளவுதான். விடியும்வரை ஒருவர் மேலே இருந்து திரியைக் கத்தரித்து, கண்ணாடியில் படியும் கரியையும் கடல் உப்பையும் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாதி ராத்திரியில் வெளிச்சம் மங்கிவிடும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெயர் எதுவும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, 143 ஆண்டுக் காலம் யாரோ ஒருவர் தினமும் படியேறியிருக்கிறார்.

அந்த விளக்கைக் கடைசியாகப் பார்த்துக்கொண்டே போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போனதும் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றினார்கள். 1853-ல் ஒரேலி என்ற கப்பல் கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது, அடுத்த ஆண்டு குவாதலூப் தீவுக்கும் அதே கப்பல். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன் தீவுக்குப் போனவர்கள் தனி. தென்னாற்காடு, தஞ்சாவூர் கிராமங்களிலிருந்து பஞ்சத்தில் நடந்து வந்தவர்கள் பலர், கடலையே அதற்கு முன் பார்த்திராதவர்கள் பலர். இன்றைக்கு அந்தத் தீவுகளில் மாரியம்மனுக்குப் பூஜை நடக்கிறதென்றால், பழைய லைட் ஹவுஸுக்கு எதிரே மசூலா படகில் ஏறிப் போனவர்களின் வாரிசுகள் நடத்துவதுதான். உங்கள் மாணவர்களில் யாருடைய ஊரிலிருந்தாவது போயிருப்பார்கள். பழைய கோபுரத்தின் அடியில் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் 1866-ல் கடலுக்குள் இரும்புக் கால் ஊன்றிப் பாலம் கட்டினார்கள், அலை உடையும் இடத்தைத் தாண்டிப்போய்ச் சரக்கை ஏற்றி இறக்க. 1879-ல் உங்கள் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது. தென்னாற்காட்டு மணிலாக்கொட்டை மூட்டை மூட்டையாக ரயிலில் வந்து, இந்தப் பாலம் வழியாகக் கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. அந்தப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. இன்றைக்குக் காந்தி திடலில் நின்று கடலைப் பார்த்தால் அப்படி ஒன்று இருந்ததற்கு அடையாளமே தெரியாது. சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை, அவை மட்டும் அங்கேயே இருக்கின்றன.

இங்கேதான் விளக்கு இடம் மாறுகிற கதை தொடங்குகிறது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. போன பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலத்தை அதே இடத்தில் கட்டாமல் தெற்கே, வம்பாகீரப்பாளையம் பக்கம் கட்டினார்கள், 1960-களின் தொடக்கத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. கப்பல் நிற்கும் இடம் தெற்கே நகர்ந்தது, கிடங்குகளும் அந்தப் பக்கம் வந்தன. 1979-ல் விளக்கும் பின்னாலேயே போனது. பழைய கோபுரம் கெட்டுப்போனதால் கைவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள், நான் இதைத் துறையோடு சேர்த்துத்தான் பார்ப்பேன். மேட்டில் இருந்த தீ கரைக்கு வந்தது சுங்க அலுவலகத்துக்காக, கரையில் இருந்த விளக்கு தெற்கே போனது துறை அங்கே போனதால். ஊர் எந்தக் காலத்தில் எந்த இடத்தில் கடலைத் தொட்டதோ அங்கேதான் அந்தந்தக் காலத்து விளக்கு நின்றிருக்கிறது. போதாக்குறைக்கு 1980-களின் கடைசியில் தேங்காய்த்திட்டுப் பக்கம் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் கற்சுவர் போட்டுத் துறைமுகம் வந்ததும், படகு நடமாட்டம் முழுக்கத் தெற்குப் பக்கமே சேர்ந்துவிட்டது.

அந்தக் கற்சுவரால் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. நம் கிழக்குக் கரையில் ஓர் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் சுவர் வைத்தால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கடல் தின்னும். பழைய லைட் ஹவுஸுக்கு முன்னால் இருந்த மணல் போனது இதனால்தான், பீச் ரோட்டில் நீங்கள் பார்க்கும் கருங்கல் குவியல் ஊரைக் காப்பாற்றப் போட்டது. 2018-க்குப் பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்ததில் அந்த இடத்தில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. வம்பாகீரப்பாளையத்துப் பாலமும் தப்பவில்லை, 2022 மார்ச்சில் கடல் கொந்தளித்தபோது அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஒரு பாலம் போனது, இன்னொன்று உடைந்தது, விளக்கு மட்டும் எரிகிறது.

உயரத்துக்கு வருவோம், இது கணக்கு வகுப்புக்கே பயன்படும். பூமி வளைந்திருப்பதால் எவ்வளவு பிரகாசமான விளக்காக இருந்தாலும் ஒரு தூரத்துக்கு அப்பால் அது தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, அதை 3.85 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். பழைய கோபுரத்தின் 27 மீட்டருக்கு 20 கிலோமீட்டர். புதிய 48 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 26.7. இதோடு பார்ப்பவர் கண் இருக்கும் உயரத்துக்கும் அதே கணக்கைப் போட்டுக் கூட்டவேண்டும். ஃபைபர் படகில் எழுந்து நிற்பவரின் கண் தண்ணீரிலிருந்து 2 மீட்டர் உயரம் என்று வைத்தால் இன்னொரு 5.4 கிலோமீட்டர். ஆக, பழைய விளக்கு அவருக்கு 25 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் தெரிந்திருக்கும், புதியது 32 வரைக்கும் தெரியும். கோபுரத்தை இரண்டு மடங்கு உயர்த்தினாலும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு உயர்த்தினால்தான் ஆகும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கப்பலின் மேல்தளம் உயரமானது என்பதால் அங்கிருந்து இன்னும் தூரத்துக்குத் தெரியும். விளக்கு நேராகத் தெரிவதற்கு முன்பே அதன் ஒளி தொடுவானத்தில் லேசாக வீசிப்போவது தெரியும், கடலுக்குப் போகிறவர்கள் அதையே வைத்து ஊர் வந்துவிட்டது என்று சொல்வார்கள்.

இவ்வளவு விளக்குகள் எரியும் ஊரில் இது ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? பீச் ரோட்டு விளக்கும் ஓட்டல் விளக்கும் நின்று எரியும், லைட் ஹவுஸ் மின்னி மறையும். ஒவ்வொரு லைட் ஹவுஸுக்கும் எத்தனை மின்னல், எத்தனை வினாடிக்கு ஒருமுறை என்று தனி முறை உண்டு, பக்கத்து ஊர் விளக்கின் முறை வேறாக இருக்கும்படி வைப்பார்கள். மாலுமி கையில் இருக்கும் பட்டியலைப் பார்த்து வினாடி எண்ணினால் இது கடலூரா புதுச்சேரியா மாமல்லபுரமா என்று தெரிந்துவிடும். பகலில் அதே வேலையைக் கோபுரத்தின் வண்ணப் பட்டை செய்கிறது, சிவப்பு வெள்ளை அடித்திருப்பது அழகுக்கு அல்ல.

ஜிபிஎஸ் இருக்கும்போது எதற்கு என்று கேட்டீர்கள். படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை, வலை போட்ட இடத்துக்கு நேராகப் போக அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் ஃபைபர் படகில் எல்லாம் திறந்த வெளி, உப்புத் தண்ணீர் மேலே அடித்துக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கும், செல்போன் கொஞ்ச தூரத்துக்கு மேல் டவரே பிடிக்காது. அப்போது கருவி சொல்வது சரியா என்று கண்ணால் சரிபார்க்க ஒன்று வேண்டும். பெரிய கப்பலிலும் இதே முறைதான், ஒரு கருவியை மட்டும் நம்பிக் கப்பல் ஓட்டக்கூடாது என்பது மாலுமிகளின் முதல் பாடம். நம் மீனவர்கள் அதற்கு முன்னாலிருந்தே கரையில் ஓர் அடையாளமும் அதற்குப் பின்னால் இன்னொன்றும் நேர்கோட்டில் வருகிறதா என்று பார்த்து இடம் பிடிப்பவர்கள். கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, தேவாலயம், லைட் ஹவுஸ், எல்லாம் அவர்களுக்குக் கணக்கு. ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்: முகத்துவாரத்துக்குள் நுழைய வழிகாட்டுவது லைட் ஹவுஸின் வேலை அல்ல, அதற்குத் துறைமுக வாயிலில் சின்ன விளக்குகள் இருக்கவேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை புரண்டு படகு கவிழ்வது இங்கே பழைய பிரச்சினை, அந்த இடத்தில் லைட் ஹவுஸ் எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் உதவாது, மணலை வாரினால்தான் உண்டு.

பழைய கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கட்டடம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி ஈரத்தை விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே போன உப்பு ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லையே அரித்துவிடும். இதே சாலையில் 1870-களில் கட்டிய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், பல ஆண்டு கவனிப்பு இல்லாமல் கிடந்து, 2014 நவம்பர் 29-ல் மழையில் இடிந்து விழுந்ததை ஊர் முழுக்கப் பார்த்தது. அதைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், நல்ல விஷயம், ஆனாலும் அது இப்போது புதுக் கட்டடம்தான். லைட் ஹவுஸுக்கு அந்த நிலை வரக்கூடாது. சுண்ணாம்புக் கொத்தனார் வேலை தெரிந்தவர்களை வைத்து ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பார்த்தாலே போதும், விழுந்த பிறகு கோடிக்கணக்கில் செலவழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போவது என்றால், காந்தி திடலில் தொடங்குங்கள், செஞ்சித் தூண்களைக் காட்டிவிட்டுப் பழைய லைட் ஹவுஸுக்கு வாருங்கள். அங்கிருந்து கடலை இடது கைப்பக்கம் வைத்துத் தெற்கே நடந்தால் பீச் ரோடு முடியும் இடத்தைத் தாண்டி உடைந்த பாலம் தெரியும், அதற்கும் அப்பால் வம்பாகீரப்பாளையத்துக் கோபுரம். வெயில் தாழ்ந்த பிறகு நடப்பது நல்லது, நிழல் குறைவு. புதிய கோபுரத்தில் பார்வையாளர்களை மேலே விடுவதும் உண்டு, அந்த நேரம் அவ்வப்போது மாறும், அதனால் பெரிய கூட்டமாக வருகிறீர்கள் என்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். படி நிறைய இருக்கிறது, மூச்சு வாங்கும் பிள்ளைகளைக் கீழே ஒரு ஆசிரியரோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் பக்கம் மீனவர் வலை காயும், மிதிக்காமல் போகச் சொல்லுங்கள், வலை பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் மரியாதையாகக் கேட்டால் இருட்டில் கரையை எப்படிப் பிடிப்பார்கள் என்று அவர்களே சொல்வார்கள். அந்த இடத்தில் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.